டைட்டானிக் பாடத்தில் ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் மறுபடியும் டைட்டானிக் படம் போட்டார்கள். கப்பல் அதிகாரி ஒருவர் பயணியைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்ளும் இடம் வந்தது. "அம்மாச்சி, இது நிஜமாவே நடந்துச்சா?" என்று பேத்தி கேட்டாள். "ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

1998இல் மாயவரம் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, எட்டாம் வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க அந்தக் கதையைச் சொன்னேன். அதிகாரி சுட்டதையும் நடந்த சம்பவமாகவே சொன்னேன். அது தப்பு.

அவர் பெயர் வில்லியம் மர்டாக். கற்பனைப் பாத்திரம் இல்லை, ஸ்காட்லாந்தில் டால்பீட்டி என்ற சிற்றூரில் பிறந்த நிஜ மனிதர். ஓர் அதிகாரி சுட்டதாகச் சொன்னவர்கள் சிலர் உண்டு. ஆனால் அது யார் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த பேச்சு இல்லை. மர்டாக் யாரையும் சுட்டதற்கு நிரூபணம் கிடையாது. ஊர்க்காரர்கள் மனம் நொந்துபோனதால், 1998இல் படக் கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவர் அந்த ஊருக்கே போய் வருத்தம் தெரிவித்து, பள்ளிக்கு 5,000 பவுண்டும் கொடுத்தார். அந்த வருத்தம் டால்பீட்டிக்குத் தெரியும். படம் பார்த்த கோடிக்கணக்கான பேருக்குத் தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

கரைக்கு வந்து சேரும் சேதியெல்லாம் உண்மை இல்லை என்பதை நம் பூம்புகார்க் கதையே சொல்கிறது. மணிமேகலையில் ஆதிரையின் கணவன் சாதுவன் போன கப்பல் உடைந்துபோகிறது. தப்பி வந்தவர்கள் அவனும் செத்துவிட்டான் என்கிறார்கள். ஆதிரை தீயில் இறங்கத் துணிகிறாள். அவனோ மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் தீவில் கரையேறி உயிரோடு இருக்கிறான்.

பழைய டைட்டானிக் படங்களிலும் தப்பு உண்டு. 1958இல் வந்த படத்தில் கப்பல் முழுசாக மூழ்கும். அது இரண்டாக உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று பிழைத்தவர்கள் சிலர் 1912லேயே சொன்னார்கள். விசாரணையில் அது எடுபடவில்லை. 1985 செப்டம்பரில் கடலுக்கடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகத்தான் கிடந்தது. 73 வருஷம் கழித்து அவர்கள் சொன்னது உண்மையாயிற்று. அவர்கள் சொல்லி வைத்ததும், அது எழுத்தில் இருந்ததும்தான் காரணம்.

அதே 1985இல், பிப்ரவரி மாதம், நம் கப்பல் ஒன்று நடுக்கடலில் தீப்பிடித்தது. பெயர் எம்.வி. சிதம்பரம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய பயணிகள் கப்பல். முப்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதன்பின் அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுவிட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. அதற்கு முன் 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜுலாவும் தெரியாது. நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும், படகில் போய் ஏறவேண்டும். நம் பக்கத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்!

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்படிப் போனவர்தான். ராஜுலாவில் போய், பினாங்கில் கடை வைத்து, கடைசியில் சிதம்பரம் கப்பலில் ஊர் திரும்பினார். தீ விபத்துச் சேதி வந்த அன்றைக்குப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "நான் படுத்து வந்த கப்பல்ம்மா" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவசரமாகப் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று போனவள், கேட்கவே இல்லை. சில வருஷத்தில் அவரும் போய்விட்டார். எங்கோ மூழ்கிய கப்பலைப் பற்றி ஒரு பீரியட் பேசிய நான், பத்தடி தூரத்தில் இருந்தவரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

சினிமாவை நான் குறை சொல்லவில்லை. படம் எடுப்பவர்கள் கற்பனை சேர்ப்பார்கள், அது அவர்கள் தொழில். டைட்டானிக் விஷயத்தில் அந்தக் கற்பனையை உரசிப் பார்க்க, அந்த வருஷமே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பதிவான சாட்சியங்கள் இருக்கின்றன. நாளைக்கு யாராவது சிதம்பரம் கப்பலைப் பற்றிப் படம் எடுத்தால், அதை எதை வைத்துச் சரிபார்ப்போம்? அரசாங்கக் கோப்பு கப்பலைப் பற்றிச் சொல்லும். கீழ்த்தட்டில் படுத்து வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது நம் வீடுகளில்தான் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

ஆகவே பிள்ளைகளே, உங்கள் வீட்டில் இந்தக் கப்பல்களில் வந்த தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை யாராவது இருந்தால், இந்த வாரமே போனை ஆன் செய்து பக்கத்தில் வைத்துப் பேசவிடுங்கள். எங்கே ஏறினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், யார் வராமல் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். மறந்துவிட்டது என்றால் மறந்துவிட்டது என்றே எழுதுங்கள். நன்றாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்காதீர்கள்.

1998 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், மர்டாக் பற்றி நான் சொன்னதை அடித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள், டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சீர்காழி