ஃபார்மட் போடும் முன்

கம்ப்யூட்டருக்கு என்ன நோய் வந்தாலும் நம் ஊரில் மருந்து ஒன்றுதான்: ஃபார்மட். ஹேங் ஆகிறதா, ஃபார்மட். வைரஸா, ஃபார்மட். பாட்டு பாதியில் நிற்கிறதா, அதற்கும் அதேதான். பல நேரம் இந்த வைத்தியம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு இதைவிட ஆகாத வைத்தியம் வேறில்லை.

ஸ்டூடியோ வைத்திருக்கும் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, சிஸ்டம் திணறுது. ஒரு கல்யாண ஃபோல்டரைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. மத்ததெல்லாம் டக்குனு திறக்குது. ஃபார்மட் போட்டுரவா?"

"அந்தக் கல்யாணம் வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"இல்லண்ணே."

"அப்ப ஃபார்மட் பேச்சையே எடுக்காத."

வைரஸோ, ரேம் பற்றாக்குறையோ என்றால் பெரும்பாலும் எல்லாமே மந்தமாகும். குறிப்பிட்ட ஃபைல்களில் மட்டும் திணறினால் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. படிக்கும் தலை அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு செக்டாரைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிரிக்காது. திரும்பத் திரும்ப முயலும். அந்த நேரத்தில்தான் திரையில் வட்டம் சுற்றுகிறது.

ஃபார்மட் போட்டால் ஏன் சரியானது போலத் தெரிகிறது? படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் நிலுவையில் வைக்கும். அதன் மேல் புதிதாக எழுதும்போது தேறாவிட்டால், கைவசமுள்ள உதிரி செக்டாருக்கு மாற்றிக்கொள்ளும். விஸ்டா முதல் விண்டோஸில் முழு ஃபார்மட் என்றால் டிஸ்க் நெடுகப் பூஜ்யம் எழுதுவது. எனவே பழுதான இடமெல்லாம் ஒதுக்கப்பட்டு, சிஸ்டம் கொஞ்ச நாள் ஜோராக ஓடும். கல்யாணம் போயிருக்கும், பழுதின் காரணம் மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஒதுக்கிய செக்டார்களுக்கும் நிலுவைச் செக்டார்களுக்கும் டிஸ்க்கே கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் பெயர் ஸ்மார்ட். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். மேலே எந்த நிறம் காட்டினாலும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். வலது ஓரத்தில் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிறது. தம்பியின் டிஸ்க்கில் சி5 வரியில் எண் ஏறியிருந்தது.

இன்னொரு அறிகுறி காதுக்கு வரும். 'டக்... டக்...' என்று சீராகத் தட்டும் சத்தம். தலை தன் பாதையைக் கண்டுபிடிக்க முடியாமல், ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்து தேடுகிறது. இதைக் கேட்டால் காப்பி எடுக்கக்கூட முயலாமல் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் தலை தட்டை உரசக்கூடும். உரசிய இடத்தில் இருந்தது திரும்பாது. மூடியைக் கழற்றுவதும், ஃப்ரீசரில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருப்பது அவ்வளவு முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுங்கள். புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

இந்த அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம்? 2007இல் கூகுள் பொறியாளர்கள் தங்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனையில் முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல 39 மடங்கு. ஆகவே அறிகுறி வந்துவிட்டால் பொய் சொல்வது குறைவு. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு: பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலை நீங்கலாக, ஸ்மார்ட்டில் எந்த அடையாளமும் காட்டாமலேயே போயின. அறிகுறி இல்லை என்பது நலம் என்பதற்கு அத்தாட்சி அல்ல. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை. அதனால் சத்தமும் இல்லை. நேற்று ஓடியது இன்று சிஸ்டத்தில் தெரியாமலே போகலாம்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். ஸ்கேன் டிஸ்க், செக் டிஸ்க் எதையும் ஓடவிடாதே. சாகும் டிஸ்க்குக்கு அது வீண் உழைப்பு. முழு டிஸ்க்கையும் மொத்தமாக இழுக்காதே. இன்னும் ஆல்பம் கொடுக்காத கல்யாணங்களை முதலில் எடு, மீண்டும் கிடைக்காததை அடுத்து எடு. சினிமாவும் மென்பொருளும் கடைசியில். திணறும் ஃபைலைத் தாண்டிப் போய், இறுதியில் அதற்கு வா.

அறிகுறியே காணாதவர்கள் பேக்கப் எடுக்க மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டர்னலில் ஏற்றியதும் அதிலிருந்து இரண்டு மூன்று படங்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.