லேபிள் நம்மது, மருந்து யாருது?

வருஷா வருஷம் ஜனவரி பொறந்தா ஒரு கூத்து நடக்கும். சவுதி மணல்ல டக்கார் ராலி ஆரம்பிச்ச உடனே, 'இந்திய பைக் பாலைவனத்துல கலக்குது பாரு'ன்னு ஒரு கோஷ்டி புல்லரிக்கும். 'அட போய்யா, அது பிரெஞ்சுக்காரன் வண்டி, டிவிஎஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்'னு இன்னொரு கோஷ்டி நக்கலடிக்கும். ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து இந்தப் பதிவு. ஆமத்தூர்க்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. லேபிள் ஒட்டுற விஷயத்தைப் பத்தி எங்க பக்கத்தை விட வேற யாருக்குத் தெரியும்? :-)

முதல்ல டக்கார் பத்தித் தெரியாதவங்களுக்கு. ரெண்டு வாரம் பாலைவனத்துல ஓடுற போட்டி. 2024ல மொத்த தூரம் சுமார் 7,900 கிலோமீட்டர், அதுல நேரம் கணக்குப் பண்ற பகுதி மட்டும் 4,700க்கு மேல. பைக்குக்கு 450 சிசி தான் உச்ச வரம்பு, 2011லேர்ந்து அப்படித்தான். கார்ல போறவனுக்கு வழி சொல்லப் பக்கத்துல ஒரு ஆள் இருப்பான். பைக் காரனுக்கு யாரும் கிடையாது. ஹேண்டில்பாருக்கு முன்னாடி இருக்கிற ரோட்புக்கைப் பார்த்து, திசையைக் கணக்குப் பண்ணி, நூறு கிலோமீட்டர் வேகத்துல மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு தெரியாமலே தாண்டணும். வண்டியில முப்பது லிட்டருக்கு மேல பெட்ரோல் வேற. மாரத்தான் ஸ்டேஜ்னு ஒண்ணு உண்டு, அன்னைக்கு ராத்திரி மெக்கானிக் கிட்ட வரக்கூடாது. கழண்டதை ஓட்டுனவனே மாட்டிக்கணும்.

இதுக்குள்ள நம்மாளுங்க எப்படிப் போனாங்கன்னு பார்ப்போம். டிவிஎஸ் 2015ல ஷெர்கோங்கிற பிரெஞ்சு கம்பெனியோட கை கோர்த்துகிட்டு இறங்குச்சு. ஷெர்கோ 1998ல ஆரம்பிச்ச சின்னக் கம்பெனி, காட்டுவழி பைக் மட்டுமே செய்யறவங்க. வண்டிக்கு அடிப்படை அவங்களோட 450 சிசி மெஷின். பேர் மட்டும் 'ஷெர்கோ டிவிஎஸ் ஆர்டிஆர் 450 ராலி'. ஹீரோ 2017ல போச்சு. அவங்களுக்குக் கூட்டாளி ஜெர்மனியோட ஸ்பீட்பிரெய்ன். ஆக நக்கலடிக்கிற கோஷ்டி சொல்றதுல பொய் இல்ல. லேபிள் நம்மது, மருந்து அவங்களுது.

ஆனா அதோட கதை முடிஞ்சிருச்சா? இங்க தான் எனக்கு அவங்களோட ஒத்து வரல.

எங்க ஊர்ப்பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் எப்படி வந்துச்சுன்னு யோசிங்க. 1922ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் படிச்சாங்க. அடுத்த வருஷம் சிவகாசியில ஆரம்பிச்சப்போ மெஷின் ஜெர்மனியிலேர்ந்து வந்தது. அன்னைக்கு ஒருத்தன் நின்னு 'இது கல்கத்தா தொழில், ஜெர்மன் மெஷின், உங்களுது என்னய்யா இருக்கு'ன்னு கேட்டிருந்தா பதில் கிடையாது. பதில் பின்னாடி வந்தது. மெஷினை ஓரங்கட்டிட்டுக் கையாலேயே செய்ய ஒரு முறை கண்டுபிடிச்சாங்க, அப்புறம் பட்டாசு, லேபிளுக்காக அச்சாபீஸ், இப்போ நாடு பூராவும் காலண்டர் இங்கேர்ந்து தான் போகுது.

டிவிஎஸ், ஹீரோ கதையும் ஏறக்குறைய இதே தான். சுசூகி கூட இருந்த டிவிஎஸ் 2001ல பிரிஞ்சு, அதே வருஷம் சொந்தமா விக்டர் விட்டுச்சு. ஹீரோ ஹோண்டா 1984ல சேர்ந்து, 2010 டிசம்பர்ல பிரியறதா அறிவிச்சது. ரெண்டு பேருமே வாங்கின மருந்துல லேபிள் ஒட்டி வளர்ந்து, அப்புறம் சொந்தமா மருந்து கலக்கக் கத்துகிட்டவங்க. அதனால ஒட்டினது தப்பே இல்ல. ஒட்டி இத்தனை வருஷம் ஆச்சே, என்ன கத்துகிட்டீங்கன்னு தான் கேக்கணும். அதை ரெண்டு கோஷ்டியும் கேக்கறதில்ல.

(பொட்டி தட்டுறவனுக்கு இதுல ஒரு தனி வயித்தெரிச்சல் உண்டு. நாம ராத்திரி முழிச்சு எழுதுற கோடு மேல அமெரிக்காக்காரன் பேர் இருக்கும். இங்க அவன் வேலை மேல நம்ம பேர். இந்த ஒரு தடவையாவது தலைகீழா நடக்குதேன்னு ஒரு அல்ப சந்தோஷம்!)

சரி, கணக்கு பார்ப்போம். ஹீரோ ஓட்டுனர் ஜோக்கிம் ரோட்ரிக்ஸ் 2022ல மூணாவது ஸ்டேஜை ஜெயிச்சார். இந்தியக் கம்பெனிக்கு டக்கார்ல அதான் முதல் ஸ்டேஜ் வெற்றி. 2024ல போட்ஸ்வானாக்காரர் ராஸ் பிராஞ்ச் ஹீரோவுல ரெண்டாவது இடம், ஹோண்டா ஓட்டின ரிக்கி பிராபெக்கை விட 11 நிமிஷம் தான் பின்னாடி. அதே வருஷம் ராலி ரெய்டு உலக சாம்பியனும் அவரே. பெரிய விஷயம் தான், மறுக்கல. ஆனா என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட பெரிய சேதி பதினோராவது இடத்துல இருந்தது. ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா, டிவிஎஸ் அணி. ராலி 2 பிரிவுல முதல் இடம். 2021ல இருபதாவது வந்தவர், மூணு வருஷத்துல இங்க வந்து நின்னார். சாமானியப்பட்ட வேலையா அது?

ஸ்பெயின்காரனையும் போர்ச்சுகல்காரனையும் காசு குடுத்து யார் வேணா கூட்டிட்டு வரலாம். ஷொர்ணூர் பையனைப் பதினோராவது இடத்துக்குக் கொண்டு வர்றதுக்கு வருஷக்கணக்கா மணல்ல விழ வைக்கணும், எழுப்பணும், திரும்ப அனுப்பணும். டிவிஎஸ் அதைச் செஞ்சது. அவருக்கு முன்னாடி அரவிந்த் கே.பி. ரெண்டு தடவை அடிபட்டுத் திரும்பி, 2019ல 37வதா முடிச்சார். (அப்புறம் அவர் கன்னட பிக் பாஸ்ல ரெண்டாவது வந்து டக்காரை விட அதுலேயே பேமஸ் ஆனது நம்ம நாட்டு லட்சணம்!)

கடை விஷயத்துல ஹீரோ முந்திடுச்சு. 2019ல எக்ஸ்பல்ஸ் 200 வந்தப்போ ஆரம்ப விலை லட்ச ரூபாய்க்குக் கீழ. மண் ரோட்டுல எழும்பி நின்னு ஓட்டுற மாதிரி வண்டியை நம்ம ஊர் சம்பளக்காரன் வாங்குற விலையில குடுத்தது அவங்க தான். டிவிஎஸ் அந்த மாதிரி ஒண்ணை, அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300னு, 2025ல தான் கொண்டு வந்துச்சு. பத்து வருஷம் பாலைவனத்துல சுத்திட்டு வந்து! அதுவரைக்கும் எங்க கரிசக்காட்டுல மழை பேஞ்சா மட்கார்டு வரைக்கும் மண் அப்பிக்கிட்டு, பின்னாடி ரெண்டு மூட்டையோட போன டிவிஎஸ் எக்ஸ்எல் தான் எங்களுக்கு ராலி வண்டி.

இன்னொரு கணக்கும் இருக்கு. அதை எழுத மனசு வரல, ஆனாலும் விட முடியாது. 2020 ஜனவரி 12, ஏழாவது ஸ்டேஜ்ல ஹீரோவோட பாவ்லோ கொன்சால்வஸ் விழுந்து இறந்து போனார். வயசு நாப்பது. ரோட்ரிக்ஸ் அவரோட மச்சான், அதே அணி. ரெண்டு வருஷம் கழிச்சு ரோட்ரிக்ஸ் ஜெயிச்ச அந்த ஸ்டேஜுக்கு என்ன கனம்னு இப்போ புரியும். 2021ல நம்ம சி.எஸ். சந்தோஷ், 2015ல டக்காரை முடிச்ச முதல் இந்தியர், நாலாவது ஸ்டேஜ்ல விழுந்து ரியாத் ஆஸ்பத்திரியில கோமாவுல வச்சாங்க. நல்லவேளை மீண்டு வந்தார். 2025ல ஹரித் நோவா முதல் நாளே விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு வெளியே.

மருந்து கூட வேலை பாக்கற ஊர்ல பொறந்தவனுக்கு இது லேசா தோணாது. எங்க ஊர்ல வெடி விபத்துன்னா முதலாளி பேர் பேப்பர்ல கடைசியில வரும், செத்தவன் பேர் வந்தா உண்டு. ராலியிலயும் லேபிள் கம்பெனிக்கு, உடம்பு ஓட்டுனவனுக்கு. வெறும் விளம்பரத்துக்காக இந்த விலைன்னா, வேண்டாம்யா, நாலு ஹோர்டிங் வச்சுட்டுப் போங்க. கத்துக்கறதுக்காகன்னா, கத்துகிட்டதைக் காட்டுங்க.

எனக்கு வேண்டியது ரெண்டாவது இடம் இல்ல. ஓசூர்ல வரைஞ்சு ஓசூர்ல வார்த்த ஒரு 450 இன்ஜின், மேல ஹரித் நோவா மாதிரி ஒருத்தர், ராத்திரி கேம்ப்ல ஸ்பேனர் பிடிக்க நாலு நம்மூர் ஐடிஐ பசங்க. அறுபதாவது இடம் வந்தாலும் லீவு போட்டுட்டு உக்காந்து பாப்பேன்.

பி.கு: பஜாஜ் கதை தனி. டக்கார் பக்கமே லேபிள் ஒட்டாம பூனாவுல உக்காந்து சின்ன கேடிஎம் வண்டிகளைச் செஞ்சுகிட்டு இருந்தாங்க. 2001லேர்ந்து 2019 வரைக்கும் டக்காரை விடாம ஜெயிச்ச கேடிஎம், 2024 கடைசியில கடன்ல மூழ்குச்சு. 2025ல பஜாஜ் கையிலேயே வந்து விழுந்துருச்சு. ஒட்டறதுக்குப் பதிலா ஆபீஸையே வாங்கிட்டாங்க! அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன்.