பெயர் பொறிக்கப்படாத எண்மர்

இப்பத்தியில் வழக்கமாக நூல்களையும் மேடை நாடகங்களையும் பற்றியே பேசிவருகின்றேன். இவ்வாரம் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதற் பகுதியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு என் மாணாக்கரே காரணம். பள்ளிவாசல்துறையில் மாலை வகுப்பு முடிந்து, களப்புக் காற்று வீசத் தொடங்கும் வேளையில், பதினோராந் தர மாணவர் நால்வர் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்து குனிந்திருந்தனர். என்னைக் கண்டதும் அதனை மறைக்க முயலவில்லை, அதற்கு மாறாக ஒருவன், “சேர், நீங்களும் ஒருக்காப் பாருங்களேன். புத்தகத்துக்கு மட்டுந்தானா விமர்சனம்?” என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி. அன்றிரவே பார்த்தேன்.

தொடரின் பெயர் ‘லெஜெண்ட்ஸ் ஒஃப் டுமாரோ’. ‘நாளைய பெருவீரர்கள்’ என்று தமிழிற் சொல்லலாம். 2016 ஜனவரி 21 ஆந் திகதி அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கி, ஏழு பருவங்கள் ஓடி, 2022 இல் நின்றுபோன தொடர் இது. அமெரிக்கருக்குப் பழையதாயினும் எம் மாணவருக்குப் புதியது. எனக்கோ முற்றிலும் புதியது. ஒரு தொடரின் தரத்தை முழுவதும் பார்த்தே சொல்லவேண்டும் என்பார் உளர். ஆனால், நாற்பது நிமிடங்களுக்குச் சற்றே மேற்பட்ட முதற் பகுதியிலே ஒரு தொடர் தன் நெஞ்சைத் திறந்து காட்டிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அற்புத ஆற்றல் படைத்த வீரர் பலர் ஓரணியாகத் திரள்வது மேனாட்டுச் சித்திரக்கதைகளில் 1940 ஆம் ஆண்டளவிலே தோன்றிய வழக்கம். அவ்வாண்டிலேதான் ‘ஜஸ்டிஸ் சொசைற்றி’ என்ற வீரர் கூட்டம் அமெரிக்கச் சித்திரக்கதை ஏட்டில் முதன்முதலாக ஒன்றுகூடிற்று. யப்பானியர் 1975 ஆம் ஆண்டில் ‘கோரெஞ்சர்’ என்ற ஐவர் அணியைத் தொலைக்காட்சியிற் காட்டினர். ஐவர் என்றதும் நமக்கு வேறொரு நினைவு வராமற் போகுமா? புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட கரையிலே உள்ள உடப்புக் கிராமத்தில், திரௌபதை அம்மன் கோயிற் பெருவிழா தீமிதிப்புடன் நிறைவெய்துவதை இம்மாவட்டத்தில் அறியாதார் இலர். தோள்வலிக்கு ஒருவன், வில்லுக்கு ஒருவன், அறத்துக்கு ஒருவன், குதிரைக்கு ஒருவன், ஆநிரைக்கு ஒருவன் என்று வெவ்வேறு திறம் படைத்தோர் ஓரணியாகத் துயருறும் கதை நமக்கு அயலதன்று. ஆகவே, இத்தொடரை நான் அந்நியப் பொருளாகக் கருதிப் பார்க்கவில்லை. பழகிய கதையின் வேறொரு வடிவமாகவே பார்த்தேன்.

இனிக் கதையைச் சொல்வேன். 2166 ஆம் ஆண்டில் வண்டல் சாவேஜ் என்னும் சாவில்லாக் கொடியவன் உலகையே அடிமை கொண்டுவிடுகிறான். காலத்தைக் காவல் செய்யும் சபையைச் சேர்ந்த ரிப் ஹண்டர் என்பவன், காலத்தினூடே செல்லும் கப்பலொன்றில் ஏறி, 2016 ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கி வருகிறான். எட்டுப் பேரைத் திரட்டுகிறான். உடலைச் சிறிதாக்கும் கவசம் அணிந்த ஓர் அறிவியலாளன். செத்துப் பிழைத்த வீராங்கனை ஒருத்தி. பிறவிதோறும் சாவேஜால் கொல்லப்பட்டு, மீண்டும் மீண்டும் பிறந்துவரும் பருந்துச் சிறகுடைய காதலர் இருவர். குளிரையும் நெருப்பையும் ஆயுதமாகக் கொண்ட திருடர் இருவர். இருவரும் இணைந்தால் ஒரே தீவடிவ வீரனாகும் முதிய பேராசிரியர் ஒருவரும் இளம் மோட்டார் மெக்கானிக் ஒருவனும். “எதிர்காலத்தில் நீங்கள் மாவீரர்களாகப் போற்றப்படுகிறீர்கள்” என்று அவர்களிடம் சொல்கிறான். அந்தச் சொல்லில் மயங்கியே பலர் கப்பலேறுகின்றனர்.

ஏறிய கப்பல் 1975 ஆம் ஆண்டின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் செல்கிறது. சாவேஜைப் பற்றி ஆராய்ந்த முதியவர் ஒருவரைத் தேடிச் செல்கின்றனர். அம்முதியவர் வேறெவருமல்லர், பருந்துச் சிறகுடைய காதலர், முன்னைய பிறவியொன்றிற் பெற்ற மகன்! தாயும் தந்தையும் இளமை மாறாது நிற்க, மகன் நரைத்த தலையுடன் அவர்கள் முன் நிற்கிறான். இப்பகுதியில் மிகச் சிறந்த காட்சி இதுவே. மறுபிறவி என்ற சொல்லை நாம் நாள்தோறும் கேட்கிறோம். அச்சொல்லுக்குள்ளே இப்படியொரு சோகம் உண்டென்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. காட்சியை நீட்டி அழவைக்காமல் நடிகர்கள் அடக்கமாகவே நடித்திருக்கின்றனர். அம்முதியவரை நெடுநேரம் வாழவிடவில்லை என்பதே என் மனக்குறை.

குறைகளையும் சொல்லவேண்டும். எண்மரையும் அறிமுகஞ் செய்யும் அவசரத்தில் ஒருவருடனும் நாம் நின்று பேச முடிவதில்லை. கொடியவனோ, கொடியவன் என்று பிறர் சொல்வதனாலேயே கொடியவனாகிறான். அவன் உள்ளத்தில் என்ன உண்டென்பது முதற் பகுதியிலே புலப்படவில்லை. 1975 ஆம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் மூவர் மதுச்சாலையிற் குடித்து அடிதடியில் இறங்குவது கதைக்கு எவ்வகையிலும் வேண்டியதன்று. சிறுவருடன் இருந்து பார்க்கும் பெற்றோர் இதனை மனங்கொள்வார்களாக.

மற்றொரு காட்சி என்னை வேறு விதமாகச் சுட்டது. மெக்கானிக் இளைஞன் பயணத்துக்கு உடன்படவில்லை. அவன் இல்லாமல் பேராசிரியரால் தீவடிவம் பெற இயலாது. ஆகவே, அக்கல்விமான் அவனுக்கு மயக்கமருந்து கொடுத்துக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்! எல்லாம் அவன் நன்மைக்கே என்பது அவருடைய வாதம். மாணாக்கனின் நன்மை இன்னதென்று அவனைக் கேளாமலே தீர்மானிக்கும் வழக்கம் எம் தொழிலில் எவ்வளவு வேரூன்றியது என்பதை நினைத்தபோது, மேற்கொண்டு சிரிக்க முடியவில்லை.

ஆயினும் இப்பகுதியின் உயிர் அதன் இறுதியிலேதான் இருக்கிறது. ரிப் ஹண்டர் உண்மையை ஒப்புக்கொள்ள நேர்கிறது. சபை அவனை அனுப்பவில்லை. சாவேஜ் அவன் மனைவியையும் குழந்தையையும் கொன்றான். அப்பழியைத் தீர்க்கவே கப்பலைக் கவர்ந்து வந்திருக்கிறான். அதனிலும் கொடிய உண்மை ஒன்றுண்டு. அந்த எண்மரும் எதிர்காலத்தில் மாவீரர்கள் அல்லர். வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் காலத்திலிருந்து மறைந்தாலும் உலகின் போக்கு மாறாது என்று கணக்கிட்டே அவர்களை அவன் தேர்ந்தெடுத்தான். அதாவது, பெரியவர்கள் என்பதற்காக அன்று. இல்லாமற் போனாலும் ஒருவரும் தேடமாட்டார் என்பதற்காகவே!

இந்த இடத்தில் நான் காட்சியை நிறுத்திவிட்டேன். காரணத்தை வாசகருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். வலயமட்ட நாடகப் போட்டிக்குப் பாண்டவரின் அஞ்ஞாதவாசத்தை நாடகமாக்கினேன். வீமன் சமையற்காரனாகவும், அருச்சுனன் நாட்டிய ஆசானாகவும் மறைந்து வாழ்ந்த அந்த ஓராண்டுக் கதை. முதன்மை வேடங்களுக்குக் குரல் வளமும் தோற்றமும் உடைய ஐவரைத் தெரிந்தேன். பேச்சுத் திக்கும் பையன் ஒருவன் நாள்தோறும் வந்து ஓரமாக நின்றான். அவனுக்குத் திரைக்கயிற்றைக் கொடுத்து, “தம்பி, நாடகத்தின் உயிரே உன் கையில்தான் இருக்கிறது” என்றேன். அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை. அடுத்த வாரம் ஆசிரியர் அறையில், சக ஆசிரியர் ஒருவரிடம், “அவன் வராவிட்டாலும் ஒன்றும் குறையாது, அதனால்தான் கயிற்றைக் கொடுத்தேன்” என்று சொல்லிச் சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது வரவுப் பதிவேட்டுடன் அவன் வாசலில் நின்றான்.

மறுநாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. அடுத்த தவணையில் பாடசாலைக்கும் வரவில்லை. தந்தையுடன் வள்ளத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று போகாமலே இருந்துவிட்டேன். இப்போது அவன் கரையோரத்தில் வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் கொட்டில் ஒன்றை நடத்துகிறான். வழியிற் கண்டால், “சேர், சுகமா?” என்று கேட்பான். நானும் சுகம் என்பேன். அவ்வளவே.

தொடருக்கு வருவோம். உண்மை தெரிந்த எண்மரும் கோபமும் துயரமும் கொள்கின்றனர், ஆனால் அன்றிரவு முடியுமுன்பே, “வரலாறு எழுதாவிட்டால் என்ன? நம் பெயரை நாமே எழுதிக்கொள்வோம்” என்ற கருத்தினராய் மீண்டும் ஒன்றுகூடிவிடுகின்றனர். கருத்து உயர்ந்தது, அதற்காகவே மாணவர் இதனைப் பார்க்கலாம். ஆனால் அவ்வளவு விரைவில் ஆறும் புண்ணா இது? சிலருக்கு ஓரிரவு போதாது. ஒரு பள்ளிப் பருவமே போய்விடுகிறது. எழுத்தாளர் இங்கே எளிய வழியை மேற்கொண்டுவிட்டார் என்பதே என் முடிவு.

இதனோடு ஒப்பிட மற்றொரு முதற் பகுதி நினைவுக்கு வருகிறது. பி. ஆர். சோப்ரா தயாரித்த ‘மகாபாரத்’ 1988 ஒக்டோபர் 2 ஆந் திகதி இந்தியத் தூர்தர்ஷனில் தொடங்கிற்று. 94 பகுதிகளாக 1990 வரை நடந்தது. அதன் உரையாடல்களை எழுதியவர் ராஹி மாசூம் ரஸா என்னும் உருது எழுத்தாளர், ஓர் இசுலாமியர். பல்லாண்டுகளின் பின் ஒளித்தட்டிலேதான் அதனைக் கண்டேன். ஐவரின் கதை என்று ஆவலுடன் அமர்ந்தவனுக்கு முதற் பகுதியில் ஐவரில் ஒருவரும் வரவில்லை! காலம் என்பதே கதை சொல்லியாக வந்து பேசுகிறது. பிறகு பரத மன்னன் சபையில் எழுந்து, தன் மைந்தரை ஒதுக்கி, பரத்துவாச முனிவரின் மகன் பூமன்யுவை இளவரசனாக அறிவிக்கிறான். பிறப்பன்று, தகுதியே அளவுகோல் என்பது அவன் தீர்ப்பு. இத்தனை பெரிய போர்க்கதை ஒரு தேர்விலே தொடங்குகிறது. பின்வந்தோர் அவ்வளவுகோலைக் கைவிட்டதே அழிவுக்கு வித்தென்று அப்பகுதி குறிப்பாற் சொல்லிவிடுகிறது. சண்டை ஒன்றுமின்றி இவ்வளவையும் சொன்ன அத்திறம் அமெரிக்கத் தொடருக்கு வாய்க்கவில்லை.

எனினும் அமெரிக்கத் தொடர் ஒரு கேள்வியைக் கேட்கிறது. அதனைப் பரதன் கேட்கவில்லை. தகுதியுடையவனைத் தேர்ந்தபின், தேரப்படாதவன் எங்கே போகிறான்? அவனுடைய அளவை யார், எந்தக் கோலால் அளந்தார்? ரிப் ஹண்டர் கணக்குப் பார்த்து, “இவர்கள் இல்லாவிட்டாலும் குறைவில்லை” என்றான். நானும் அப்படித்தான் கணக்குப் பார்த்தேன்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கொட்டிலுக்குப் போனேன். எஞ்சின் ஒன்றைக் கழற்றி விரித்திருந்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சொல்லவேண்டியதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, சிறிதும் திக்காமல், “அந்தக் கயிறு இடது பக்கத்துல சிக்கும் சேர். ஒரு கையால மேல தூக்கிப் பிடிச்சுத்தான் இழுக்கோணும். நான் வராம விட்ட பொறகு ஆரு இழுத்த?” என்று கேட்டான்.

அவனிடம் மறைக்கவில்லை. போட்டியன்று வேறொரு பையன் இழுத்தான். இடது பக்கத்திலே கயிறு சிக்கிற்று. திரை பாதியில் நின்றது. பாண்டவர் ஐவரும் பாதித் திரைக்குப் பின்னால் முழங்காலளவு தெரிய நின்றனர். சபை சிரித்தது. நாங்கள் தோற்றோம்.

“அப்படியா?” என்று அவன் சிரித்தான். என்னாற் சிரிக்க இயலவில்லை. “இருக்கட்டும் சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கூறி, எண்ணெய்க் கையைத் துடைத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வகுப்பிலே நால்வரும், “பார்த்தீங்களா சேர்? நல்லமா?” என்றனர். நூற்றுக்கு அறுபது புள்ளி கொடுக்கலாம் என்றேன். குறைத்துவிட்டீர்கள் என்று வாதாடினர். அவர்கள் வாதத்தையும் கேட்டேன். அடுத்த தவணையில் மீண்டும் நாடகம் போடுகிறோம். இம்முறை திரைக்கயிறு யாருக்கு என்று அவர்களையே கேட்க எண்ணியிருக்கிறேன். கயிறு எவ்வளவு கடினமானது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.