லினக்ஸ் போட்டால் கேம் பறக்குமா?

எங்கள் பெரியபாளையம் பக்கத்துப் பையன்கள் இப்போது ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். "பழைய லேப்டாப்புல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா கேம் பறக்கும் தாத்தா!" விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததிலிருந்து இந்தப் பேச்சு கூடிவிட்டது. பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது செலவு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அந்தக் கணினிகளில் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் வந்தது. அன்று பிள்ளைகள் அதை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் பக்கம் போனார்கள். இன்று அவர்களுடைய தம்பிமார் திரும்பி வருகிறார்கள்.

பையன்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டுவதற்கு வால்வ் நிறுவனம் 2018-ல் 'புரோட்டான்' என்பதைக் கொண்டுவந்தது. நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லும் ஆள் மாதிரி அது. 2025-ல் லெனோவோ லீஜன் கோ எஸ் என்ற கையடக்கக் கருவியில் சோதித்தபோது, பல கேம்கள் விண்டோஸைவிட ஸ்டீம் ஓஎஸ் என்ற லினக்ஸில் வேகமாக ஓடின.

ஆனால் அது புதுக் கருவி. போர்வெல் வைத்திருப்பவர்களுக்குச் சொன்னால் புரியும். பைப்பில் ஒழுகலை அடைத்தால் தண்ணீர் கொஞ்சம் கூடும், 5 எச்.பி. மோட்டார் 7.5 எச்.பி. ஆகிவிடாது. கேமுக்கு மோட்டார் என்பது கிராஃபிக்ஸ் சிப். விண்டோஸ் தின்னும் நினைவகத்தில் கொஞ்சத்தை லினக்ஸ் மிச்சப்படுத்தும், சிப்பின் பலத்தைக் கூட்டாது. போதாததற்கு, புரோட்டான் பெரும்பாலும் 'வல்கன்' என்ற வசதியை நம்பியிருக்கிறது. 2011 காலத்து இன்டெல் சிப்புகளில் அது கிடையாது. பறப்பது இருக்கட்டும், பல கேம்கள் திறக்கவே திறக்காது. வேலோரன்ட் மாதிரி கேமுக்கோ எந்தக் கணினியானாலும் லினக்ஸ் ஆகாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு நிரல் லினக்ஸில் ஓடாது.

ஆகவே கேமுக்காக மட்டும் மாற்றாதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் மட்டும் இருந்து, இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் அதில் ஒன்று போடுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பும் அந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. வித்தியாசம் கேமிலேயே தெரியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் காத்திருக்கும் நேரம் குறையும்.

லினக்ஸை முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. பிடித்துப்போய் நிறுவுவதானால், மார்க் ஷீட், போட்டோ எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படிக்க, டைப் அடிக்க, ஆன்லைனில் விண்ணப்பம் போட, பழைய லேப்டாப்பும் லினக்ஸும் தாராளம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு பார்த்துச் சம்பாதிக்கும் பெற்றோர், கேம் திக்குகிறது என்பதற்காகத் தவணையில் புது லேப்டாப் வாங்க வேண்டாம். பையனுக்கு ஒரு ரேம் வாங்கிக் கொடுங்கள். மீதியை அவன் சம்பாதித்து வாங்கிக்கொள்ளட்டும்.