டிக்கெட் வாங்கினாத்தான் சந்தோஷமா?

போன ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தோட்டத்து அண்ணன் குடும்பத்தோட தீம் பார்க் போயிட்டு வந்தார். நாலு பேருக்கு டிக்கெட், போக வர வண்டி, அங்கயே சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ஆயிடுச்சாம். மறுநாள் காலையில சொசைட்டியில பால் ஊத்தறப்ப சொன்னார்.

"எப்படிங்ணா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"புள்ளைங்க நல்லாத் தண்ணியில ஆடுச்சுங்க தம்பி. நானும் ஊட்ல அவளும் பையைக் காவல் காத்துட்டு உக்காந்திருந்தோம்"னார்.

எனக்கு எதைப் பார்த்தாலும் பால் கணக்குல போட்டுப் பார்க்கிற புத்தி. லிட்டர் 35 ரூபாய்னு வெச்சா ஆறாயிரத்துக்கு 171 லிட்டர் ஊத்தணும். ரெண்டு நேரமும் சேர்த்து எட்டு லிட்டர் கறக்கிற மாடு மூணு வாரம் கறந்த பால் அது. தீவனச் செலவை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

அதுக்காக யாரும் போகக் கூடாதுன்னு சொல்ல வரலை. அவர் காசு, அவர் புள்ளைங்க, வருசத்துல ஒரு நாள் போகட்டும். என் கோவம் வேற. கீழ்பவானி வாய்க்கால் கசிவுத் தண்ணியால அவர் கெணத்துல கோடையிலயும் ரெண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணி நிக்குது. அந்த ரெண்டு புள்ளைங்களுக்கும் நீச்சல் தெரியாது. முட்டி அளவு தண்ணியில ஆட மூணு வாரப் பாலை வித்துட்டுப் போறோம். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தண்ணிப் பக்கம் போனா காலை ஒடிச்சிருவேன்னு மிரட்டுறோம்.

இது அவர் கதை மட்டும் இல்லைங்க. என் கதையும்தான். எங்க பையனுக்குப் போன வருசம் வரைக்கும் நீச்சல் தெரியாது. "கெணத்துப் பக்கம் போகாதே"ன்னு சொல்றது சுலபம். கூட எறங்கிப் பழக்கி விடறதுக்குத்தான் நேரம் வேணும். நான் சுலபமானதையே செஞ்சுட்டு இருந்தேன். ஒவ்வொரு லீவுலயும் குளிக்கப் போன பசங்க செத்துப் போன சேதி பேப்பர்ல வருது. படிச்சுட்டு "அய்யோ பாவம்"னு பக்கத்தைத் திருப்பறோம். தண்ணிக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்த புள்ளைக்கு நீச்சல் தெரியலைன்னா, அது பெத்தவன் செஞ்ச தப்பு. அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

போன வருசம் லீவு விட்ட மறுநாளே ஆரம்பிச்சோம். எங்க காலத்துல முதுகுல சொரப்புருடை கட்டி விடுவாங்க. இப்ப அதுக்கு எங்க போறது? மூடி இறுக்கமா இருக்கிற காலி கேன் ரெண்டை எடுத்துக் கயித்துல கட்டினேன். மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸைப் புடுங்கி என் பையில போட்டுக்குவேன். நான் முதல்ல எறங்கின பிறகுதான் பையன் எறங்கணும். மேல ஒரு ஆள் கயித்தோட நிக்கணும். நான் இல்லாம ஒருத்தரும் போகக் கூடாது. முதல் ரெண்டு நாள் என் கழுத்தைப் புடிச்சு நெரிச்சான். பத்தாம் நாள் ஒரு கேனை அவுத்தேன். மூணாவது வாரம் ரெண்டும் இல்லாம ஒரு சுத்து வந்தான். மேல வந்து அவன் சிரிச்ச சிரிப்புக்கு எந்த ஊர்ல டிக்கெட் விக்கறாங்கன்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்.

அவன் தங்கச்சி "நானும்"னு வந்து நின்னா. "பொம்பளப் புள்ள கெணத்துல குதிக்கிறதா?"ன்னு எங்க அம்மா ஆரம்பிச்சாங்க. தண்ணிக்கு ஆம்பள பொம்பள தெரியுமாம்மா, முழுகறப்ப ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் முழுகுவாங்கன்னேன். இப்ப அவ அண்ணனைவிட நல்லா நீந்தறா.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லியாகணும். இப்படி எழுதினாலே "ஆஹா, அந்தக் காலம்!"னு கண்ணு கலங்கி கமெண்ட் போட நாலு பேர் வருவீங்க. வேண்டாம்ங்க. அந்தக் காலத்துல எங்க கெணத்துல சில பேர்தான் எறங்க முடியும். சில பசங்க மேட்டுல நின்னு வேடிக்கைதான் பார்த்தாங்க. அதுல என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவனும் ஒருத்தன். அவனுக்கு அது பொற்காலம் இல்லை. அந்தக் காலத்தை அப்படியே திருப்பிக் கொண்டு வரச் சொல்லி நான் கேக்கலை. கெணறு இருக்கட்டும், அதைச் சுத்தி நின்ன ஒசத்தி தாழ்த்தி போகட்டும். இந்த வருசம் அவனோட பசங்களும் எங்க கெணத்துலதான் பழகப் போறாங்க. யாருக்காவது அது உறுத்தினா கண்ணை மூடிக்கட்டும்.

அடுத்தது, "கிராமத்துல என்ன சார் இருக்கு, புள்ளைங்களுக்குப் போரடிக்கும்ல?"ங்கிற பேச்சு. இதை டவுன்காரங்க சொன்னாக்கூடப் பொறுத்துக்கலாம். நம்ம ஆளுங்களே சொல்றாங்க. டவுன்ல இருந்து வர்ற சனம் காசு குடுத்து மாட்டு வண்டியில ஏறுது, கன்னுக்குட்டிக்குப் புல்லு குடுத்து ஃபோட்டோ புடிக்குது. நம்ம புள்ளை கன்னுக்குட்டியைத் தொட்டா "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு"ங்கறோம். அவங்க காசு குடுத்துத் தேடி வர்றதை, நம்ம புள்ளைக்கு மட்டம்னு நாமளே சொல்லிக் குடுக்கறோம்.

என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன்.

சித்திரை வைகாசியில நுங்கு இருக்கு. தின்னு முடிச்ச கூந்தல் ரெண்டு, நடுவுல ஒரு குச்சி, தள்ளறதுக்கு ஒரு கவைக்கோல். வண்டி ரெடி. ஆடி வந்தா தூரி கட்ட வேப்பமரம் இருக்கு. போகி அன்னிக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் தேடி புள்ளைங்களோட வேலியோரம் நடந்தா அதுவே அரை நாள் ஓடிரும். தமிழ்நாட்டுல 2015-ல இருந்து பொங்கல் லீவுல பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. ஒரு எடத்துல குறைஞ்சது 15 நிமிசம் நின்னு, கண்ணுல பட்ட பறவையை எல்லாம் எண்ணி இபேர்ட்ல பதியணும், அவ்வளவுதான். நாங்க தொட்டிமேட்டுல நின்னு எண்ணினோம். மயில், செம்போத்து, கொண்டலாத்தி, மீன்கொத்தி, ரெட்டவால் குருவின்னு 14 வகை. அதுல ஆறுக்கு எனக்கே பேர் தெரியலை. இத்தனை வருசமா அதுங்களோடயே வேலை செய்யறேன், பேர் தெரியலைன்னா வெக்கமாத்தான் இருந்துச்சு. வெள்ளோடு பறவைகள் சரணாலயம் ஈரோட்டுல இருந்து பக்கம்தான். நவம்பருக்கு மேல போனா நல்லா இருக்கும்.

ராத்திரி கரண்ட் போனா உடனே ஃபோன் லைட்டை அடிக்காதீங்க. வாசல்ல பாயைப் போடுங்க. சித்திரை வைகாசியில முன்னிரவுல வடக்கால சப்தரிஷி மண்டலம் உசரமா நிக்கும். வசிட்டர் பக்கத்துல அருந்ததி தெரியுதான்னு ஆளாளுக்குப் பாருங்க. கல்யாணத்தன்னிக்குப் பட்டப்பகல்ல "தெரியுது"ன்னு பொய் சொன்னோமே, அதை இப்பவாவது நிசமாப் பார்த்துக்கலாம்.

வீட்டுக்குள்ளனா பல்லாங்குழி இருக்கு. பலகை இல்லைன்னா மண்ணுல பதினாலு குழி தோண்டுங்க. குழிக்கு அஞ்சு புளியங்கொட்டைன்னா 70. நாலு சேர்ந்தா பசு. எங்க அம்மா எதிராளி குழியைப் பார்த்தே எது எங்க போய் முடியும்னு சொல்லிடுவாங்க. எங்க கோயில் கல்லுல ஆடு புலி ஆட்டம் கோடு செதுக்கியிருக்கு. மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஆடு தனித்தனியா நின்னா புலி தின்னுரும், சேர்ந்து நின்னா புலியையே நகர விடாமக் கட்டிரும். வெவசாயிங்க இதை வருசத்துல நாலு தடவையாவது ஆடணும்.

"அதுக்கெல்லாம் நேரம் எங்கே?"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் மஞ்ச வெலை பேசற வாட்ஸப் குரூப்ல கெடக்கறேன். நான் பேசிப் பேசி மஞ்ச வெலை ஒரு ரூபாய்கூட ஏறலை. புள்ளை கையில ஃபோன் இருக்குன்னு திட்டறதுக்கு முன்னாடி நம்ம கையைப் பாக்கணும்.

நேரம் வந்தாலும் இன்னொரு தப்பு நடக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை தாயம் ஆடலாம்னு எல்லாரையும் கூப்பிட்டேன். எங்க வீட்டுக்காரம்மா, "நீங்க ஆடுங்க, நான் தோசை சுட்டுத் தாரேன்"னாங்க. எங்க குடும்பத்துல எந்தப் பண்டிகைக்கும் எந்த லீவுக்கும் அவங்க அடுப்புப் பக்கம்தான் நின்னிருக்காங்கன்னு அப்பத்தான் உறைச்சுது. தீம் பார்க்ல பையைக் காவல் காக்கிறதும் வீட்டுல தோசை சுடறதும் ஒண்ணுதான். அன்னையில இருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் அடுப்பு பத்த வெக்கறதில்லை. பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். பாத்திரம் நானும் பையனும் கழுவறோம். தாயம் விழாமக் காய் எறங்காதுங்க, ஆனா எங்க வீட்டுக்காரம்மாவுக்கு எப்படியோ முதல் போடுலயே விழுந்திருது. இத்தனை வருசம் உக்கார விடாம வெச்சிருந்தோம்.

கடைசியா ஊர்ப் பொது விசயம். 2006-ல தொடங்கின அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிகளுக்கு நூலகம், வெளையாட்டு மைதானம் எல்லாம் செஞ்சு குடுத்தாங்க. எங்க ஊர் நூலகத்துல பூட்டு தொங்குது. மைதானத்துல மக்காச்சோளம் காயுது. டிராக்டர் நிக்குது. போன வருசம் அங்க சோளம் காயப்போட்டதுல நானும் ஒருத்தன். களம் இருக்கறப்பவே, ரோட்டோரமா வசதியா இருக்குன்னு போட்டேன். புள்ளைங்க ஆடற எடத்தை எடுத்துக்கிட்டு, "எந்நேரமும் வீட்டுக்குள்ளயே கெடக்குதுங்க"ன்னு அதுங்களையே குத்தம் சொல்றோம்.

மே 1 கிராம சபை. இந்தத் தடவை வீட்டுக்காரம்மா, புள்ளைங்க, நாலு பேருமா போறோம். நூலகச் சாவி யார்கிட்ட இருக்கு, எத்தனை மணிக்குத் தொறப்பீங்கன்னு எங்க பொண்ணுதான் கேக்கப் போறா. பேப்பர்ல எழுதி வெச்சுட்டா. மைதானத்துல இனிமே யாரும் எதையும் காயப்போடக் கூடாதுன்னு தீர்மானம் கேக்கறது என் பங்கு. எழுந்து நின்னு கேக்கறப்ப "நீயே போட்டவன்தானே"ம்பாங்க. ஆமாங்க, போட்டேன், இனிமே போட மாட்டேன்னு சொல்லிட்டு உக்காந்துக்குவேன்.

உங்க ஊர்லயும் கேளுங்க. அதுக்கு முன்னாடி, புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு இன்னைக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்க.