எந்த மலைக் காப்பி?

பெங்களூரிலிருந்து தர்மபுரிக்கு வண்டி ஓட்டி வரும் வெள்ளிக்கிழமை இரவுகளில் எனக்கு ஒரு வேலை உண்டு. ஓசூர் தாண்டியதிலிருந்து வீடு வரும்வரை ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ பலகைகளை எண்ணுவது. பித்தளை டபரா படம், பக்கத்தில் நுரை. கும்பகோணத்தில் காப்பி விளையாது, அது நெல் விளையும் பூமி. அந்தப் பெயர் பாலுக்கும் பித்தளைக்கும் கிடைத்த பெருமை. கொட்டைக்கு அதில் பங்கே இல்லை. தர்மபுரி டவுனிலிருந்து 25 கிலோமீட்டரில் வத்தல்மலை இருக்கிறது. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் காப்பியும் மிளகும் போடுகிறார்கள். அந்த மலையின் பேரை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

தமிழர்களுக்குக் காப்பி தெரியாது என்பது என் கட்சி. பால் தெரியும், டிகாக்‌ஷன் தெரியும், டம்ளர் தெரியும். கொட்டை தெரியாது. இதைச் சொன்னால் நண்பர்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. “எங்க வீட்டுல மூணு தலைமுறையா பீபெரிதான்டா” என்றார் ஒருவர். சரி, பீபெரி என்பது என்ன? அது ஒரு ரகமே இல்லை. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகம் பார்த்துத் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றுதான் வளரும், அது உருண்டையாக இருக்கும். எல்லா ரகச் செடியிலும், எல்லா மலையிலும் இது உண்டு. ‘பிளாண்டேஷன் ஏ’ என்பதும் அப்படித்தான். தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அராபிகாவில் பெரிய கொட்டைகள், அவ்வளவே. கடைப் பலகையில் நாம் ரகம் என்று நினைத்து வாசிப்பதெல்லாம் சல்லடை அளவுகள். மூன்று தலைமுறையாக அரிசிக் கடையில் போய் “பெருசா இருக்கறது ஒரு கிலோ குடுங்க” என்று கேட்டவன், பொன்னியா சீரகச்சம்பாவா என்று கேட்காதவன், சாப்பாட்டு ரசிகன் என்று மார்தட்டினால் எப்படியிருக்கும்?

ரகம் என்பது வேறு. அராபிகாவே ஒரு கலப்புப் பிள்ளை. ரோபஸ்டா என்று நாம் சொல்லும் கனெஃபோராவும், யூஜெனியாய்டிஸ் என்கிற இன்னோர் இனமும் இயற்கையாகக் கூடிப் பிறந்தது. ரோபஸ்டாவுக்கு 22 குரோமோசோம், அராபிகாவுக்கு 44. (ரோபஸ்டாவை மட்டமாகப் பேசுகிறவர்கள் அராபிகாவின் பெற்றோரைத்தான் ஏசுகிறார்கள்.) எத்தியோப்பிய மலைக்காட்டுச் செடி, ஏமன் வழியாக உலகத்துக்குப் போனது. 1670 வாக்கில் பாபா புதன் ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் பக்கத்து மலையில் ஊன்றினார் என்பது நமக்குச் சொல்லப்படும் கதை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காப்பித் தோட்டங்களையே அழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. இங்கேயும் அது விடவில்லை. அதற்கு ஈடுகொடுக்க பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1940களில் கொடுத்ததுதான் எஸ்.795. ஒரு பக்கம் கென்ட்ஸ் என்கிற மைசூர் ரகம், மறுபக்கம் லைபீரிகா ரத்தம் ஓடும் எஸ்.288. பெயரே என் தொழிலில் வரும் வெர்ஷன் நம்பர் மாதிரி இருக்கிறது. நம்மில் பலர் ஆயுள் முழுக்கக் குடித்தது இந்தச் செடியின் காப்பியாக இருக்கும். பேர் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

“பேருல என்ன இருக்கு, ருசி இருந்தா போதாதா?” என்பார்கள். ருசியைத்தான் சொல்கிறேன். நம் சட்டப்படி காப்பி–சிக்கரித் தூளில் 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும், மிச்சம் 49 சிக்கரியாக இருக்கலாம். சிக்கரி ஒரு வேர். அதற்குக் காப்பியோடு எந்த உறவும் கிடையாது. எனக்கும் சிக்கரி பிடிக்கும், அம்மா கலக்கும் அந்தக் கெட்டி டிகாக்‌ஷன் இல்லாமல் எனக்கு ஞாயிறு விடியாது. ஆனால் கருக வறுத்து, வேர் சேர்த்து, பாலையும் சர்க்கரையையும் ஊற்றியபின் அதில் எந்த மலை இருந்தாலும் ஒன்றுதான். அப்புறம் எந்த மலைக்காரனுக்கு எதற்குக் கூடுதல் விலை?

போன தை மாசம் வத்தல்மலையில் ஒரு பெரியவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் மீட்டர் வாக்கில் உயரம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பி. “இது ஒசர செடி தம்பி, அது குட்டை” என்றார். குட்டை அநேகமாக காவேரி ரகம். உயரம் பழைய எஸ்.795ஆக இருக்கலாம். இரண்டையும் ஒரே சாக்கில்தான் போட்டிருந்தார். தோல் நீக்க மெஷின் இல்லை. பழத்தை அப்படியே களத்தில் காயவைத்து வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். பழுத்ததும் பழுக்காததும் ஒன்றாக. தனியாகப் பறித்தால் என்ன என்று கேட்டேன். “தனியா பறிச்சா தனி வெலையா தரப்போறான்? எந்த ஊருக்குப் போவுதோ, யாருக்குத் தெரியும்?” அவர் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பழுத்ததை மட்டும் பொறுக்கினால் இரண்டு மூன்று சுற்றுக் கூடுதல் வேலை. கூலி அவர் கையிலிருந்து போகும்.

பேரைத் தொலைப்பதற்கு நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1942 காப்பிச் சட்டத்துக்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் காப்பி போர்டின் பொதுக்குவியலில்தான் விளைச்சலைச் சேர்க்க வேண்டும். தரவாரியாகக் கொட்டி ஏலம் விட்டார்கள். 1990களின் நடுவில் அது முடிந்தது. கர்நாடகத்துக்காரர்கள் பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2019இல் ஐந்து காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு வந்தது: குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, அரக்கு. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. 1820களிலேயே சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பி போட்டார், அப்போது தர்மபுரியும் சேலம் ஜில்லாதான். இருநூறு வருஷ காப்பி மலைத்தொடர், குறியீட்டுக்கு வழியில்லை. அரக்கு ஆதிவாசிகள் விளைவிக்கும் மலைதான், 2017இல் அதன் பெயரில் பாரிஸில் கடை திறந்தார்கள். ஆகவே “பழங்குடிகளால் தரம் காக்க முடியாது” என்று யாரும் என்னிடம் வரவேண்டாம். ஊருக்கு ஒரு பல்ப்பரும் காயவைக்க உயர மேடையும், பழுத்த பழத்துக்குத் தனி விலையும் கொடுத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

பெங்களூரில் என் ஆபீஸ் பக்கத்தில் ஒரு கோப்பை முந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். பாக்கெட்டில் எஸ்டேட் பெயர், உயரம், ரகம், ஆரஞ்சுத் தோல் வாசனை, எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த அலட்டல் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் அதில் தோட்டத்துக்கு முகவரி இருக்கிறது. நம் ஃபில்டர் காப்பிப் பெருமையில் அதுவும் இல்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று எழுதி, குடித்தவர்களின் சரித்திரம் நமக்குக் கிடைத்துவிட்டது. விளைவித்தவர்களின் சரித்திரம் இன்னும் சாக்கில்தான் கிடக்கிறது.

பெரியவரிடம் ஒரு கிலோ வாங்கி வந்து, உமி நீக்கி வீட்டிலேயே வறுத்தேன். முதல் தடவை கருக்கினேன். இரண்டாவது தடவை மிதமாக, பால் இல்லாமல். லேசான புளிப்பு, பின்னால் வெல்லம் காய்ச்சும் மணம், கொஞ்சம் மண்வாசம். களத்து மண்ணாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரம் டவுனில் வறுத்து அரைக்கும் கடைக்குப் போய், இது எந்த மலைக் காப்பி என்று கேட்டேன். கடைக்காரர் அரவையை நிறுத்தாமலே சொன்னார்: “மலையா? லாரில வருது சார்.”