ஆபரேஷனைக் குறை சொல்பவர்களுக்கு



என் தம்பிக்கு இதய உறையில் ஆபரேஷன் நடந்து 2 மாதம் ஆகிறது. கால் வீக்கம் முழுதாக வடியவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. படாளம் வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், "நல்லா இருந்த மனுஷனை ஆபரேஷன் பண்ணிக் கெடுத்துட்டாங்க" என்கிறீர்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நல்லாவா இருந்தான்? 8 வருஷத்துக்கு முன் அவனுக்குக் காசநோய். 6 மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை, இருமல் நின்றதும் 2 மாதத்தில் நிறுத்தினான். "பொண்ணு கல்யாணம் இருக்கு, வெளியே தெரியக்கூடாது" என்றது நம் குடும்பம்தான். வகுப்பில் காசநோய்ப் பாடம் நடத்திய நானும் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு வயிறு ஊதியது. "குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டான்" என்றீர்கள். அவன் குடியைத் தொட்டதே இல்லை. எக்கோ எடுத்த பிறகுதான் கோளாறு ஈரலில் இல்லை, இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் என்று தெரிந்தது.

காசநோய் அந்த உறையைத் தாக்கினால், அது தடித்து ஓடுபோல் இறுகிவிடலாம். இதயம் விரிய முடியாது. உள்ளே வர வேண்டிய ரத்தம் தேங்கும். வயிறும் காலும் வீங்கும். நம் நாட்டில் இந்த நோய்க்கு முக்கியக் காரணமே காசநோய்தான். ஆபரேஷனில் அந்த ஓட்டை உரித்தெடுக்கிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் நசுங்கிக் கிடந்த இதயத் தசை மெலிந்து போயிருக்கும். திடீரென்று கூடுதலாக வரும் ரத்தத்தைத் தள்ளத் திணறும். மாவுக்கட்டு பிரித்த கை அன்றைக்கே குடம் தூக்குமா? தேற மாதக்கணக்கில் ஆகலாம். சிலர் தேறாமலும் போகிறார்கள். எவ்வளவு தாமதமோ அவ்வளவு ஆபத்து. அந்தத் தாமதம் யாருடையது?

காசநோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்கே காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்; சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. இத்தனை இருந்தும் நாம் மறைத்தோம்.

பிள்ளைகளே, 2 வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உறவுகளே, தம்பியைப் பார்க்க வாருங்கள். அவனுக்கு உப்பு ஆகாது. ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். அந்தப் பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.